கொக்கியைத் தூக்கியவள்

இன்றைக்கு நான் வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அரசு வக்கீல் நேற்றே போனில் சொல்லிவிட்டார். “உங்க சாட்சியம் போன மாசமே முடிஞ்சிருச்சு வேதவல்லி. நாளைக்கு அந்த நர்ஸம்மாவை மட்டும்தான் விசாரிப்பாங்க. நீங்க லீவு போடாதீங்க.” சரி சார் என்றேன். சொல்லிவிட்டு லீவு போட்டேன். பத்து மணிக்கே வந்து கோர்ட் தாழ்வாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. எதிர்ச் சுவரோரம் ஒரு தெருநாய் படுத்திருக்கிறது. செவலை. ஒரு காது மடங்கி, வயிறு ஏறி இறங்க, யாரைப் பற்றியும் கவலையில்லாமல் தூங்குகிறது. வக்கீல்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். ஒரு போலீஸ்காரர் பூட்ஸ் நுனியால் அதன் வாலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறார், அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அது எழுந்தால் எந்தப் பக்கம் போகும், படிக்கட்டுப் பக்கமா, என் பக்கமா, என் பக்கம் என்றால் பெஞ்சின் மேல் ஏறிவிட இடம் இருக்கிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெரியவரைத் தள்ள வேண்டியிருக்குமா என்று வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்து மாதமாக இப்படித்தான். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நாய் எங்கே என்று பார்க்கிறேன், அப்புறம் கதவு எங்கே என்று பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வெளிச்சம் எங்கே என்றுதான் பார்ப்பேன். ரத்தம் எடுக்கிறவளுக்கு வெளிச்சம் முக்கியம். பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்திருக்கிறேன். கொழுத்த கை, வற்றிய கை, டயாலிசிஸ் செய்து செய்து தழும்பேறிய கை, பிறந்து மூன்று நாளான கை. “வேதாம்மாவை அனுப்புங்க, அவங்கதான் ஒரே குத்துல எடுப்பாங்க” என்று லாபுக்குப் போன் செய்து கேட்பார்கள். கண்ணால் பார்த்து எடுப்பதில்லை நான். வலது ஆள்காட்டி விரலால் தடவினால் தோலுக்கு அடியில் மெத்தென்று ஓர் இடம் ஓடும், அது விரலுக்குத் தெரியும். அந்த விரலில் இப்போது சூடு தெரிகிறது, குளிர் தெரிகிறது, மெத்தென்ற இடம் மட்டும் தெரிவதில்லை. ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் எதற்கு வந்தேன்? சீலி கூண்டில் ஏறி என்ன சொல்கிறாள் என்று கேட்க வந்தேன். அப்படி நேராகச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. சீலிக்குத் துணையாக இருக்கட்டும், பாவம், கோர்ட்டே பார்க்காதவள், பயந்துவிடுவாள் என்றுதான் ஆட்டோவில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெபசீலி. எல்லோருக்கும் ஜெபா சிஸ்டர், எனக்கு மட்டும் சீலி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் உறையூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நான் லாபில் இருந்தேன், அவள் வார்டில் இருந்தாள். அவள் புருஷன் வேலைக்கென்று மஸ்கட் போய் அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட செய்தி வந்த அன்று, அவள் ஒரு வார்த்தை பேசாமல் பதினெட்டுப் பேருக்கு டிரிப்ஸ் மாட்டினாள். வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்து, என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் அழுதாள். என் அம்மா போன அன்று உறவுக்காரப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்று யார் குளிப்பாட்டுவது என்று முறை பேசிக்கொண்டிருந்தபோது, “நகருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் சீலி. நர்ஸிங் ஹோமை மூடியபோது அவளைக் குணபாலன் வீட்டில் சேர்த்துவிட்டவள் நான். தில்லைநகர்ப் பக்கம் பெரிய வீடு. டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிறார். பக்கவாதத்தில் பேச்சு போய்க் கிடந்த அவருடைய அம்மாவுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் ரத்தம் எடுக்கப் போவேன். “நம்பிக்கையான ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க சிஸ்டர்” என்று கேட்டார். நம்பிக்கையான ஆள் என்றதும் எனக்கு வேறு யார் ஞாபகமும் வரவில்லை. அந்த வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு கிரில் கதவு. அதைத் தாண்டினால் நேராக அவர் அம்மாவின் அறை, பெரியம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். கிரிலுக்குக் கொக்கி உள்பக்கம். கொல்லைப்புறத்தில் நாய். ரோஜர் என்று பெயர், கறுப்பு, கன்னத்தில் மட்டும் பழுப்பு, ராட்வீலர் என்பார்கள், என் இடுப்பு உயரம் இருக்கும். நான் வாசலிலிருந்து போன் செய்ய வேண்டும், அதைக் கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு சீலி வந்து கொக்கியைத் தூக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. சில நாள் அவள் கை வேலையாக இருப்பாள். பெரியம்மாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள். அப்போது உள்ளிருந்து கத்துவாள். “நாயைக் கட்டியாச்சு, கையை விட்டுத் தூக்கிட்டு வாடி!” கம்பிக்கு நடுவில் கையை விட்டு, மணிக்கட்டைத் திருப்பி, இரண்டு விரலால் தூக்க வேண்டும். அவள்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். ஏழெட்டுத் தடவை அப்படிப் போயிருப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு அப்படி இல்லை. அதைத்தான் நான் திருப்பித் திருப்பி எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், அன்றைக்கு அப்படி இல்லை. புரட்டாசி, வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. போன் செய்தேன். சீலி எடுத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடியைப் பார்த்து, “அண்ணே, ரோஜரைக் கட்டியாச்சா?” என்றாள். போனிலும் கேட்டது, நேராகவும் கேட்டது. மாடி பால்கனியிலிருந்து குணபாலன் குரல். “கட்டித்தான் இருக்கு, வரச் சொல்லு.” சீலி வந்தாள். நைட்டி மேல் துண்டு போட்டிருந்தாள். கொக்கியைத் தூக்கினாள். “வா வா, பெரியம்மா இன்னைக்கு நல்ல மூடுல இருக்காங்க” என்று சிரித்தாள். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். நாய் குரைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது குரைக்கவே இல்லை. சிமெண்டில் நகம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது, யாரோ அவசரமாகப் பட்டாணி கொட்டியதுபோல. பையை முன்னால் நீட்டினேன், பைக்குப் பின்னால் கை இருந்தது. வலி உடனே தெரியவில்லை. கனம்தான் தெரிந்தது. என் கையில் இன்னோர் உடம்பு தொங்குகிறது, அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறுகிறது, நானும் கூடவே உதறப்படுகிறேன். அதன் வாயிலிருந்து வேகவைத்த கோழித்தோல் வாடை. பக்கத்தில் பார்த்தால் அதன் கண்ணில் கோபமே இல்லை, ரொம்பக் கவனமாக ஒரு வேலையைச் செய்கிற கண். சீலி உள்ளே ஓடி பெட்பேனை எடுத்துவந்து அதன் மண்டையில் அடித்தாள். எவர்சில்வர் பெட்பேன். எத்தனை அடி என்று தெரியாது, ஓர் அடி என் தோளிலும் விழுந்தது. அது விட்டது. சீலி என்னை இழுத்துக் குழாயடியில் உட்கார வைத்துச் சோப்பைப் போட்டுக் கழுவினாள். கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். “கத்துடி, நல்லா கத்து. ஆனா கையை எடுக்காதே.” கத்தினேன். அவள் நைட்டி முழுக்க என் ரத்தம். அப்போதுதான் குணபாலன் இறங்கி வந்தார், கையில் போனோடு. “அது சும்மா விளையாடும் சிஸ்டர். நீங்க பயந்து கையை இழுத்திருப்பீங்க” என்றார். என்னைக் காப்பாற்றியவள் அவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் நாய்க்கடி என்றதும் ஒரு புத்தகத்தில் எழுதினார்கள், என்ன நாய், யார் வீட்டு நாய், எத்தனை மணிக்கு என்று. போலீஸுக்குத் தகவல் போகும் என்றார்கள். காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். பத்தொன்பது வருடம் அடுத்தவர்களைக் குத்தியவள் ஒரு ஊசிக்கு இப்படி அலறுவாளா என்று அந்த நர்ஸுக்குத் தோன்றியிருக்கும். தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் சீலி என் காதருகே குனிந்தாள். “வேதா, நான் திறந்தேன்னு சொல்லிடாதடி. வேலை போறது ஒரு பக்கம். நீதானே திறந்துவிட்டன்னு கேஸையே என் மேல திருப்பிடுவாங்க. அவங்க அப்படிப்பட்டவங்கதான்.”   சாயங்காலம் எஸ்.ஐ. வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எழுதினார். “கிரிலைத் திறந்தது யாரு?” “திறந்துதான் இருந்துச்சு சார்.” அவ்வளவுதான். மூன்று வார்த்தை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி சொன்னேன், கட்டித்தான் இருக்கு என்று குணபாலன் சொன்னதையும் சொன்னேன். முதலில் மனு ரசீது கொடுத்தார்கள், நாலு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்தது, அதனால் அடுத்தவருக்குக் காயம் உண்டாக்கியது. குணபாலனைக் கைது செய்ததாகக் காகிதத்தில் இருக்கிறது. ஸ்டேஷனிலேயே ஜாமீன், டீ ஆறுவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். நாயைப் பத்து நாள் கவனித்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் லால்குடிப் பக்கம் அவருடைய தோப்புக்கு அனுப்பிவிட்டார். சீலி போலீஸில் நல்லபடியாகத்தான் சொல்லியிருந்தாள். கட்டியிருக்கிறது என்று அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது, அந்த நாய் தை மாதமே அயர்ன்காரர் பரமனைத் தொடையில் கடித்திருக்கிறது, குணபாலனே பரமனைக் காரில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பேசி முடித்தார். எஸ்.ஐ. என்னிடம் படித்துக்காட்டினார். “நாய் கடிக்கும்னு தெரிஞ்சே அவுத்து விட்டிருக்கார் பாருங்க. இந்த ஒரு சாட்சி போதும்மா.” எனக்குப் பெருமையாக இருந்தது. என் சீலி. அவள் அந்த வீட்டு வேலையை விடவில்லை. “நான் போயிட்டா பெரியம்மாவைப் புரட்டிப் போட ஆள் இல்ல வேதா” என்றாள். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

போன மாதம் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், காட்டினேன். அப்புறம் குணபாலனுடைய வக்கீல் எழுந்தார். கத்துவார் என்று நினைத்திருந்தேன், கோயிலில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார். “கிரில் திறந்திருந்ததுன்னு சொல்றீங்க. இப்படி ஒரு நாய் இருக்கிற வீட்ல, காலைல ஆறரை மணிக்கு, கிரில் தானா திறந்திருந்துச்சு?” “ஆமா சார்.” “கொக்கி எந்தப் பக்கம்?” “உள்பக்கம்.” “வெளியிலேருந்து கையை விட்டுத் தூக்க முடியுமில்லையா?” “முடியும் சார்.” “இதுக்கு முன்னாடி எந்த நாளாவது நீங்களே கையை விட்டு, மணிக்கட்டைத் திருப்பி, கொக்கியைத் தூக்கியிருக்கீங்களா?” “இல்ல சார்.” பட்டென்று சொல்லிவிட்டேன். ஆமாம் என்றால் அன்றைக்கும் நீதான் என்பார்கள், இல்லை, அன்றைக்குச் சீலி என்றால் சீலி மாட்டுவாள். இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை, வாய் சொல்லிவிட்டது. ஆனால் மணிக்கட்டைத் திருப்பி என்றாரே. அதை எப்படிச் சொன்னார்? ஒரு மாதமாக இந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவரே அந்த வீட்டுக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். வக்கீல்கள் செய்வார்கள். குணபாலன் என்றைக்காவது மாடியிலிருந்து பார்த்திருக்கலாம், ஆனால் சந்தின் மேல் தகரம் போட்டிருக்கிறது, மாடியிலிருந்து கிரில் தெரியாது. கேமரா வாசல் கேட்டில் மட்டும்தான். பெரியம்மா பார்த்திருப்பார்கள், படுக்கையிலிருந்து நேராகக் கிரில்தான் தெரியும், ஆனால் அவர்களுக்குப் பேச்சில்லை. ஆக, வக்கீல்தான் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். ஆமாம், அப்படித்தான். கவுண்டரில் ரிப்போர்ட்டைக் கவரில் போடும்போது அப்படித்தான் என்பேன், கவரை ஒட்டுவதற்குள் இல்லை என்று தோன்றும். சீலிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். இந்த ஒரு மாதத்தில் நாலைந்து தடவை பேசினோம். மீன் விலை பேசினோம், அவளுடைய முழங்கால் வலி பேசினோம். இதை மட்டும் நான் கேட்கவில்லை. அவளும் கோர்ட்டில் என்ன கேட்டார்கள் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? மருத்துவமனையில் என் கையில் எத்தனை தையல் என்றுகூட எண்ணிப் பார்த்தவள், கோர்ட்டில் என்ன கேட்டார்கள் என்று ஏன் கேட்கவில்லை?

பதினொன்றரைக்கு வெள்ளைக் கார் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. குணபாலன் இறங்கினார். அவர் மனைவி இறங்கினார். பின்சீட்டின் அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு சீலி இறங்கினாள். ஒரே காரில் வந்தால் என்ன, அந்த வீட்டில் வேலை பார்க்கிறவள், எப்படி வருவாள், தனியாக ஆட்டோ பிடித்தா வருவாள் என்று என் மனது அவளுக்காக அவசர அவசரமாகப் பேசியது. அவள் படியேறி வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. கையை உயர்த்தினாள், எனக்காகத்தான் உயர்த்தினாள், பாதியில் அது காதோரம் போய் முடியை ஒதுக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து டவாலி அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். சத்தியம் வாங்கினார்கள். “அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா” என்றார் அரசு வக்கீல், அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே. சீலி எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “நான் பெரியம்மாவைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன் சார். போன் வந்துச்சு. கொஞ்சம் இருங்க, நாயைக் கட்டலைன்னு சொன்னேன்.” வக்கீல் தலை நிமிர்ந்தார். “கட்டலைன்னு சொன்னீங்களா?” “சொன்னேன் சார். அவங்கதான் அவசரம்னு அவங்களே கையை விட்டுக் கொக்கியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. எப்பவும் அப்படித்தான் வருவாங்க.” அவங்க. பதினான்கு வருடத்தில் சீலி என்னை அவங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. அவ, வேதா, கழுதை, எங்க டெக்னீஷியன் மகாராணி, எல்லாம் கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறாள் என்றுதான் முதலில் பட்டது. அவசரப்பட்டு நாய் இருக்கிற வீட்டுக்குள் கையை விட்ட யாரோ ஒரு பெண். பாவம் அவளும்தான் என்றுகூடத் தோன்றியது. “அயர்ன்காரர் பரமனை அந்த நாய் கடிச்சது தெரியுமா?” “தெரியாது சார்.” அரசு வக்கீல், சாட்சி பிறழ்சாட்சி ஆகிவிட்டார், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஜட்ஜம்மா தலையசைத்தார். அரசு வக்கீல் அவள் போலீஸில் சொன்னதை வரிவரியாகப் படித்தார், ஒவ்வொரு வரிக்கும் சீலி “நான் அப்படிச் சொல்லல சார்” என்றாள். ஒன்பது தடவை. அவள் குரல் நடுங்கவே இல்லை. பதினெட்டுப் பேருக்கு டிரிப்ஸ் மாட்டிய அன்றைக்கும் அவள் கை நடுங்கவில்லை. நான் விட்டுவைத்த இடம் அது. திறந்துதான் இருந்துச்சு சார் என்று மூன்று வார்த்தையில் அவளுக்காக ஓர் ஓட்டை விட்டுவைத்தேன், அவள் ஒளிந்துகொள்ளட்டும் என்று. அந்த ஓட்டைக்குள் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நான் நின்ற இடத்திலிருந்தே பொய் என்று கத்தலாம். கத்தினால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் திறந்தது யார், நீ ஏன் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும். நான் வாய் திறக்க முடியாது என்று தெரிந்துதான், என் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டுதான் அவள் பேசுகிறாள்.

வெளியே வந்ததும் அரசு வக்கீல் என்மேல் எரிந்து விழுந்தார். “என்னம்மா இது? நீங்க ‘இல்ல’ன்னு சொன்ன அதே இடத்துல அவங்க ‘எப்பவும்’னு வந்து நிக்கிறாங்க.” அங்கேயே, தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல? உங்களை மறுபடி கூண்டுல ஏத்தணும்னா நான் மனு போடணும். ஏறினா, போன தடவை பொய் சொன்னேன்னு உங்க வாயாலயே சொல்லணும். ஜட்ஜம்மா நினைச்சா உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம். சாப்பிட்டுட்டு யோசிச்சுச் சொல்லுங்க.” நான் சாப்பிடவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே சீலி தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். காரில் வந்தவர்கள் ஓட்டலுக்குப் போயிருப்பார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று போனேன், வாயில் வந்தது ஒன்றுதான். “ஏன்டி?” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “திறந்திருந்துச்சுன்னு நீ எழுதிக் குடுத்துட்ட. அப்ப திறந்தது யாருன்னு அண்ணனோட வக்கீல் என்னைக் கேட்டார். ரெண்டே பேருதானே இருந்தோம் வேதா. நீயா, நானா.” “அதனால என்னைச் சொல்லிட்ட.” “நீ கடிபட்டவ. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான்னு சொன்னா கேஸ் என் மேல வரும்னு சொன்னார். எனக்கு யார் இருக்கா சொல்லு.” “அவருதானடி கட்டியிருக்குன்னு சொன்னார். நீ கேட்ட, அவர் மேலேருந்து சொன்னார். அதைச் சொல்லியிருந்தா உன்மேல என்ன வரும்?”  தொட்டிக் குழாய் சரியாக மூடியிருக்கவில்லை, அவள் அதை இறுக்கினாள். “எனக்குக் கேக்கல” என்றாள். “சீலி.” “எனக்கு அவர் சொன்னது கேக்கல வேதா.” சுற்றிலும் யாருமில்லை. டவாலி இல்லை, வக்கீல் இல்லை, ஈரத் தரையும் இரண்டு காக்கையும் நாங்கள் இரண்டு பேரும்தான். கூண்டில் அவள் சொன்னதை என்னால் எப்படியாவது மன்னித்திருக்க முடியும், பயம், பிழைப்பு, அந்த வீட்டுச் சோறு என்று ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். என்னிடமே, என் முகத்தைப் பார்த்தே, அவள் அதைச் சொன்னாள். ஆமாண்டி, பொய்தான், என்ன செய்யச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, “கையை ஏன் தொங்கப்போட்டு நடக்கிற, வீங்கும், தூக்கி வச்சுக்க” என்றாள். பழக்கதோஷத்தில் என் கை தானாக மேலே ஏறி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அதை வேண்டுமென்றே கீழே இறக்கினேன். அரசு வக்கீல் தயிர்ச்சாதப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். “மனு போடுங்க சார்” என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு என்னை மறுபடி ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். சாட்சி இங்கேயே இருக்கும்போது இன்னொரு வாய்தா எதற்கு என்றார் ஜட்ஜம்மா. என்னைவிடச் சின்ன வயது அவருக்கு, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. “போன தடவையும் சத்தியம் பண்ணிட்டுத்தானே சொன்னீங்க?” “ஆமாம்மா. ரெண்டு பொய் சொன்னேன்.” சொல்லிவிட்டேன். விரல் நுனியில்கூட நாடி அடிப்பது தெரிந்தது. மற்ற நாட்களில் நானே கொக்கியைத் தூக்கியிருக்கிறேன், அது இல்லை என்றது ஒரு பொய். அன்றைக்குக் கிரில் திறந்திருந்தது என்றது இன்னொரு பொய். அன்றைக்குத் திறந்தது ஜெபசீலி. நாயைக் கட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தாள். கட்டித்தான் இருக்கு என்று சொன்னவர் அதோ நிற்கிறார். அவள் பெயர் வரக் கூடாது என்று மறைத்தேன். ஜட்ஜம்மா ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கீழே உட்கார்ந்திருந்த பெண் தட்டச்சு செய்தாள். என் பொய்யைத் தீர்ப்பின்போது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் ஜட்ஜம்மா. பிறகு குணபாலனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்த அயர்ன்காரரை ஏன் சாட்சியாவே போடல? அவருக்குச் சம்மன் அனுப்புங்க” என்றார். அரசு வக்கீல் அவசரமாக எழுதிக்கொண்டார். குணபாலன் முதல் தடவையாகத் தன் போனைப் பைக்குள் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்தேன். சீலி நிலைக்கு வெளியே, சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குணபாலன் மனைவி அவளிடமிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தார். இனி அந்த வீட்டில் அவளுக்கு வேலை இருக்காது. பெரியம்மாவை யார் புரட்டுவார்கள் என்று நினைப்பு ஓடியது, அதை நிறுத்தினேன், அது மறுபடியும் ஓடியது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அதே மெதுவான குரலில் கேட்டார். “ஒரே ஒரு கேள்விதாம்மா. போன மாசம் உங்க சிநேகிதியைக் காப்பாத்தணும்னு பொய் சொன்னீங்க. இன்னைக்கு அவங்க உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லிட்டாங்கன்னு, அவங்களைப் பழிவாங்க இதைச் சொல்றீங்க. சரியா?” அரசு வக்கீல் பாதி எழுந்து, இல்லை என்று சொல்லுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இல்லை என்றால் முடிந்துவிடும். நியாயத்துக்காகச் சொன்னேன், சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று எத்தனையோ வார்த்தை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியருகே அவள் வேறு மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் நான் வீட்டில் இருந்திருப்பேனே, அந்த உண்மை அப்போது எங்கே போயிருக்கும்? கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். “ஆமா” என்றேன். ஜட்ஜம்மா நிமிர்ந்தார். “எதுக்கு ஆமான்னு சொல்றீங்க? காப்பாத்தப் பொய் சொன்னதுக்கா, பழிவாங்க உண்மை சொல்றதுக்கா?” “ரெண்டுக்கும்மா” என்றேன். அதை எப்படி எழுதுவது என்று யோசித்து, அவர் ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். தாளை உருவி என் முன்னால் வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்கள். நான் படித்துப் பார்க்காமலே போட்டேன். நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.